மெத்தை தனி

ஒரு பெண்ணின் நல்ல பெயருக்கு அன்றைய தேதியில் கிடைத்த விலை: ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு வாரம். மெத்தை தனி.

அடிமாட்டு விலைக்குப் போய்விட்டதே என்று அங்கலாய்க்க வேண்டாம். அவசரத்துக்கு விற்கிறவரிடம் சந்தை என்றைக்கும் இரக்கம் காட்டியதில்லை. விற்க வருகிறவளின் கையில் மூட்டை முடிச்சைப் பார்த்தாலே விலை பாதியாக இறங்கிவிடும். அன்று காலை தையல்காரியின் கையில் மூன்று மூட்டை இருந்தது. இடுப்பில், பழைய போர்வையில் சுற்றிய தையல் மிஷினின் தலை. மேசையும் மிதியும் போய்விட்டன. தலை மட்டும் மிச்சம்.

போன வாரக் கதையில் பூட்டிய கதவின் முன்னால் ஒரு தாயையும் மகளையும் அப்படியே நிற்கவைத்துவிட்டு வந்தோமே, அவர்கள்தான். வீடு கைமாறி, புதிய சொந்தக்காரர் புதுப் பூட்டு போட்டு, சாமான்களைப் படிக்கட்டில் அடுக்கி வைத்த பிறகு, தையல்காரி வேலை செய்யும் துணிக்கடையில் வெட்டு மேசைக்கு அடியில் இருவரும் படுத்தார்கள். அன்று காலை துணிக்கடை முதலாளியும் கையை விரித்துவிட்டார். "தீ கீ பிடிச்சா நான்தானேம்மா பதில் சொல்லணும்?" என்றார். தூங்குகிறவர்கள் தீப்பிடிப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

தையல்காரியின் கணவர், பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அன்று கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அவளுடைய அண்ணன் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே என் தங்கச்சி என் பொறுப்பு!" கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆர்டர் எடுத்ததோடு சரி. சரக்கு இன்றுவரை வந்து சேரவில்லை.

நகராட்சியின் வீட்டு உதவிப் பிரிவில் வரிசை, மாடிப்படி வரை நின்றது. புழுக்கம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் அம்மாவுக்கு மட்டும் ஒரு மேசை விசிறி.

"இன்னிக்கு ராத்திரி தங்க இடம் இருக்கா?"

"இல்லைங்க."

"நேத்து எங்க தங்கினீங்க?"

"கடையில. மேசைக்கு அடியில."

"அதுவும் இடம்தானே?"

"இன்னிக்கு அதுவும் இல்லைங்க," என்று குறுக்கே விழுந்தாள் மகள். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதிர்வாதம் செய்துகொண்டிருப்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

கவுன்ட்டர் அம்மா தட்டச்சு செய்தார். "விடுதியில ஒரு ரூம் காலியா இருக்கு. ஒரு வாரத்துக்குத் தரலாம். ரெண்டு கட்டில் இருக்கும். மூட்டைப்பூச்சி வந்து மெத்தையையெல்லாம் எடுத்துட்டாங்க, அதை நீங்க பாத்துக்கணும். இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

வக்கீல் தன் அம்மாவின் காலை ஓங்கி மிதித்தாள். ஆனால் அந்தக் கேள்வி பட்ட இடம் வேறு. காலையிலிருந்து நாலு பேர் முன்னால் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இருக்கிறது என்று சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

"இருக்காங்களேம்மா! கூடப்பிறந்த அண்ணன். பெரிய மெத்தைக்கடை. மூணு மாடி."

வரிசையில் அடுத்து நின்றிருந்த கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். இந்த அலுவலகத்துக்கு வந்து வந்து தேய்ந்தவர். வாட்ச்மேன் உட்பட எல்லோரும் அவரை சீனியர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மூணு மாடியா?" என்று கவுன்ட்டர் அம்மா நிமிர்ந்தார். "அவர் நம்பரைச் சொல்லுங்க. சொந்தக்காரங்க இருந்தா முதல்ல அவங்களைக் கேக்கணும். ரூல்."

ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. பின்னணியில் ஆட்களின் பேச்சு, யாரோ சிரிப்பது, நாற்காலி நகர்வது எல்லாம் கேட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தல். அண்ணன் நிற்கிறார். கடையில் ஓட்டுக்காரர்கள் உட்கார்ந்து அவர் செலவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டு உதவிப் பிரிவுலேர்ந்து பேசறேன் சார். உங்க தங்கச்சியும் அவங்க பொண்ணும் வந்திருக்காங்க. தங்க இடம் இல்லைங்கறாங்க. உங்க வீட்ல இடம் இருக்கா?"

அண்ணனின் குரல் ஏறியது. தொலைபேசிக்குத் தேவையான அளவைத் தாண்டி, ஒரு கூடத்துக்குத் தேவையான அளவுக்கு ஏறியது.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? என் ரத்தம்மா அது! என் தங்கச்சிக்கு இடம் இல்லைன்னு என் வாயால வருமா? என் வீட்டுக் கதவு அவளுக்கு ராத்திரி பகல் தொறந்தே கிடக்கும்!"

"அதான் எங்க தலைவர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரொம்ப சந்தோஷம் சார்." கவுன்ட்டர் அம்மா போனை வைத்துவிட்டுத் தையல்காரியைப் பார்த்தார். முகத்தில் உண்மையான மலர்ச்சி. "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. இடம் இருக்குன்னு பதிவு பண்ணியாச்சு. அடுத்தது யாரு?"

"இருங்க இருங்க," என்றாள் வக்கீல். "முந்தாநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குத்தான் முதல்ல போனோம். எங்க அத்தை கதவுச் சங்கிலியைக்கூட எடுக்கல. இடுக்குல மூக்கை மட்டும் நீட்டிப் பேசி அனுப்பிட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதும்மா. அவர் வாயால இருக்குன்னு சொன்னார். இல்லைன்னா அவரே இங்க வந்து, என்ன காரணம்னு சொல்லி, முடியாதுன்னு சொல்லணும். ஷட்டர் இறக்கறதுக்குள்ள வந்தா இந்த ரூம் உங்களுக்கு. இல்லைன்னா அடுத்தவங்களுக்கு."

"போன்லயே முடியாதுன்னு சொல்லச் சொல்றோமே?"

"இருக்குன்னு போன்ல சொல்லலாம். இல்லைன்னா நேர்லதான் சொல்லணும்."

"இது என்னங்க நியாயம்?"

"போன்ல இல்லைன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. ஊரே சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. அதான் மாத்திட்டாங்க." ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். விவாதம் முடிந்தது.

அவர்கள் மூட்டைகளைத் தூக்கும்போது சீனியர் குனிந்து தையல்காரியின் காதோடு சொன்னார்: "யாருமே இல்லைன்னு சொல்லணும்மா. இங்க அனாதைங்கறதுதான் சொத்து. அதைப் போய் வந்த உடனே வித்துட்டியே."

"உசுரோட இருக்கற அண்ணனை இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

"நான் நாலு பேரைக் கொன்னுட்டுதான் வரிசையில நிக்கறேன்," என்றார் சீனியர். "எல்லாம் வாயாலதான்."

மெத்தைக்கடை வாசலில் ஆளுயரப் பலகை: 'படுத்துப் பார்த்து வாங்குங்கள்.' உள்ளே கண்ணுக்கு எட்டிய வரை கட்டில். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஆளுக்கொரு ஓரமாகக் கூச்சத்தோடு படுத்திருக்க, அண்ணன் பக்கத்தில் நின்று அவர்கள் முதுகெலும்பின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து அங்கே படுத்துப் பார்க்கலாம். தங்கையைத் தவிர.

கல்லாவில் அண்ணி. சில்லறை எண்ணும்போது வலது கையில் இரண்டு தங்க வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. மாமியாருடையவை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் மலம் அள்ளியது மகள். கண் மூடிய மறுநாள் வளையல் ஏறியது மருமகள் கையில். ஏன் என்று தையல்காரி ஒரு நாளும் கேட்டதில்லை.

"மூட்டையை உள்ள கொண்டாராதீங்க. கஸ்டமர் பயந்துடுவாங்க," என்றாள் அண்ணி. "பின்பக்கம் போங்க. வரோம்."

பின்பக்கம் கிடங்கு. பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாப்பா! ஆபீஸ்காரிகிட்ட எப்படிப் பேசினேன் பாத்தியா? ஒரு நிமிஷம் யோசிக்கலையே!"

"கேட்டேண்ணா. அப்ப இன்னிக்கு வந்துடட்டுமா?"

"இன்னிக்கா?" அவர் அண்ணியைப் பார்த்தார்.

"மாடி ரூம் ரெண்டுலயும் ஸ்டாக் வெச்சிருக்கோம்," என்றாள் அண்ணி. "தலகாணி."

"தலகாணியை வெளியில வெச்சா மழையில நனைஞ்சுடும்," என்றாள் வக்கீல். "எங்களை வெளியில வெச்சா நனைய மாட்டோமா அத்தை?"

"நனைவீங்க. ஆனா தலகாணி வித்துப் போகும். நீங்க போக மாட்டீங்களே."

கடையில் புது மாப்பிள்ளை எதையோ சொல்லி மணப்பெண் சிரிப்பது கேட்டது.

"சரி மாமா. நாங்க வரல," என்றாள் வக்கீல். "நீங்க எங்களோட ஆபீசுக்கு வந்து, கவுன்ட்டர்ல நின்னு, 'என்னால முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரூம் குடுத்துடுவாங்க. உங்களுக்கு ஒரு காசு செலவில்லை."

அண்ணன் பின்வாங்கினார். முதுகு மெத்தை அடுக்கில் இடித்தது. "முடியாதா? நானா? நாலு பேரு முன்னாடியா? ஞாயித்துக்கிழமை தேர்தல்டா கண்ணு. கூடப்பிறந்தவளுக்கே இடம் குடுக்காதவன் சங்கத்துக்கு என்ன குடுப்பான்னு எதிராளி நாளைக்கே நோட்டீஸ் அடிப்பானே! வேற என்ன வேணும்னாலும் கேளு."

"இடம் வேணும்."

"அதைத் தவிர."

"ஏன் சொல்லக் கூடாது? சொல்லலாம்," என்றாள் அண்ணி திடீரென்று. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்தச் சரக்குக்கும் ஒரு விலை உண்டு என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்திருந்தது. "முடியாதுன்னு சும்மா சொன்னா இவர் கெட்டவர். காரணத்தோட சொன்னா இவர் பாதிக்கப்பட்டவர். காரணம் உன் மேல இருக்கணும், அவ்வளவுதான். என்ன காரணம்னு இப்பவே பேசி முடிச்சுக்கலாம்."

பிறகு நடந்ததைத் துணிக்கடையில் நின்றவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். ஒன்றை எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒதுக்கி, அடுத்ததை எடுப்பார்கள் அல்லவா? அப்படித்தான் ஒரு பெண்ணுக்குக் குற்றம் பார்த்தார்கள்.

"சண்டைன்னு சொல்லுங்க அண்ணி," என்றாள் தையல்காரி மெல்ல. "வாய்ச்சண்டை. நான்தான் ஆரம்பிச்சேன்னே சொல்லுங்க."

"சண்டைன்னா சமாதானம் பண்ணிக்கோங்கன்னு சொல்லிடுவாங்க. நிக்காது."

"குடிக்கறான்னு சொல்லலாமா?" என்றார் அண்ணன்.

"குடின்னா என்னைத் தனியாப் பிரிச்சு வேற எங்கயாவது அனுப்பிடுவாங்க," என்றாள் வக்கீல். "முடியாது."

"புத்தி சரியில்லைன்னு?"

"உங்க கூடப்பிறந்தவதான் அவ," என்றாள் அண்ணி. "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டா என்ன சொல்வீங்க? ஞாயித்துக்கிழமையை நெனச்சுப் பேசுங்க."

அண்ணன் அந்தத் துணியை அவசரமாக மடித்து வைத்தார்.

"ஆம்பளை சகவாசம்னு..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"அண்ணி. பொண்ணு நிக்கறா." தையல்காரியின் குரல் அன்று முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் உயர்ந்தது.

"அப்ப திருட்டுதான். இருக்கறதுலயே அதுதான் மலிவு." அண்ணி கையைத் தட்டினாள். வளையல்கள் குலுங்கின. "வீட்ல சேத்துக்கிட்டோம், கை வெச்சுட்டா, மறுபடி சேக்க பயமா இருக்கு. கேக்கறவங்களும் சரின்னுடுவாங்க. என்ன திருடினான்னு கேட்டா உங்கம்மா வளையல்னு சொல்லிடலாம்."

"அது உன் கையில இருக்கே," என்றார் அண்ணன்.

"சால்வை போத்திக்கறேன்."

தையல்காரி மிஷின் தலையைத் தரையில் இறக்கி வைத்தாள். வெகு நேரமாக அதைச் சுமந்துகொண்டே நின்றிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"வேணாம்ணா. ஊர்ல பாதி வீட்டு பீரோவைத் தொறந்து துணி எடுத்துத் தெச்சுக் குடுத்திருக்கேன். ஒரு ஊக்கு காணாமப் போனதில்ல. அந்தப் பேரை வெச்சுத்தான் எனக்கு வேலை குடுக்கறாங்க. அது போச்சுன்னா..."

"வாங்கிக்கோம்மா," என்றாள் வக்கீல்.

தாய் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கிக்கோ. பேரை விரிச்சு அது மேல படுக்க முடியுமா? ஷட்டரை இறக்கிடுவாங்க." சொல்லும்போது அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். "ஆனா ஒரு மெத்தை வேணும். அங்க வெறும் கட்டில்தான்."

"மெத்தையா?"

"திருட்டுப் பட்டம் சும்மாவா கட்டிக்குவாங்க மாமா? பெரிய சைஸ்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி லேசாகத் தலையசைத்தாள். வியாபாரம் படிந்தது. சரக்குக்குச் சொந்தக்காரியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே போனார்கள். அண்ணியும் வந்தாள். இவரைத் தனியாக அனுப்பினால் ஆட்களைப் பார்த்த பரவசத்தில் மறுபடியும் கதவு திறந்தே கிடக்கும் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு. அந்தப் புழுக்கத்தில் கழுத்துவரை கம்பளிச் சால்வை.

கவுன்ட்டர் அம்மா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில இடம் இருக்குன்னீங்களே சார்?"

"இருக்கும்மா. இடம் இருக்கு. மனசுதான்..." என்று தொண்டையைச் செருமினார். பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எப்படிம்மா சொல்லுவேன்? பெத்த பொண்ணு மாதிரி வளத்தேன். வீட்ல விட்டோம். எங்கம்மா வளையல், ரெண்டு, எடுத்துட்டா. அம்மா ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதான். மறுபடி சேத்துக்க முடியாதும்மா. முடியாது." கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. பழகிய வியாபாரி. "ஆனாலும் தங்கச்சிதானே? அவ படுக்க என் கடையிலேர்ந்து ஒரு மெத்தை அனுப்பறேன். அதான் என்னால ஆனது."

பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு. ஒரு பெண்மணி தன் பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"உண்மையாம்மா?" என்று கவுன்ட்டர் அம்மா தையல்காரியைக் கேட்டார்.

"ஆமாங்க." தையல்காரி தலையசைத்தாள். "எடுத்தேன்."

"இப்ப எங்க இருக்கு?"

கிடங்கில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் தைத்து வைக்கவில்லை.

"கைமாறிடுச்சு," என்றாள் வக்கீல். அண்ணன் வந்ததிலிருந்து அந்த அலுவலகத்தில் பேசப்பட்ட முதல் உண்மை அது.

"அடையாளம் சொல்லுங்க. பதிவு பண்ணணும்."

"முறுக்கு வேலைங்க." தையல்காரி கண்ணாடியைப் பார்க்காமல் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணுல ஒட்டு இருக்கும். அம்மாவுக்குக் கை வீங்கினப்ப வெட்டித்தான் எடுக்கணும்னாங்க. வெட்டறப்ப நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் பத்தவெச்சுக் குடுத்தாங்க. தடவிப் பாத்தா நகத்துல இடறும்."

சால்வைக்குள் ஒரு கை தன்னையறியாமல் இன்னொரு கையைத் தடவிப் பார்த்தது. சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். ஆனால் விசிறியைத் தவிர வேறு சத்தமில்லாத இடம்.

கவுன்ட்டர் அம்மாவின் விரல்கள் நின்றன. சால்வையைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"குளுருது," என்றாள் அண்ணி. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"ஓஹோ." அவர் விசிறியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். பிறகு அண்ணனிடம் வெகு சாதாரணமாகக் கேட்டார்: "ஒரு வேளை வளையல் திரும்பக் கிடைச்சுட்டா, தங்கச்சியச் சேத்துப்பீங்களா சார்?"

அண்ணி காலை நீட்டி மிதிப்பதற்குள் அண்ணனின் வாய் முந்திக்கொண்டது. பெஞ்சில் ஆட்கள் இருக்கிறார்களே. "அந்த நிமிஷமேம்மா! அந்த வளையல் என் வீட்டுக்குள்ள வந்த நிமிஷம் என் தங்கச்சியும் உள்ள இருப்பா! எனக்கென்ன வளையலா பெருசு?"

வக்கீலின் வாய் திறந்தது.

கை நீட்டினால் எட்டும் தூரத்தில் சால்வையின் ஓரம். ஒரு இழுப்புப் போதும். ஜெயித்த வாதங்களெல்லாம் இந்த ஒன்றுக்கான ஒத்திகைதான் என்பதுபோல் அவள் உடம்பு முன்னால் போனது.

அம்மாவின் விரல்கள் அவள் முழங்கையைக் கவ்வின. ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். வலித்தது.

அந்த வலியில் அவளுக்குக் கணக்கு புரிந்தது. வளையல் அகப்பட்டால் அம்மா திருடியில்லை. அம்மா திருடியில்லை என்றால் மாமா வீட்டில் இடம் உண்டு. இடம் உண்டு என்றால் ரூம் கிடையாது. இருட்டும் நேரத்தில் இவர்கள் போய் நிற்கப்போவது சங்கிலி போட்ட அதே கதவின் முன்னால். அம்மாவின் மானத்தை மீட்டால் இன்றைக்குத் தெரு. விட்டால் கட்டில்.

வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை.

திறந்து மூடிய அந்த வாயைக் கவுன்ட்டர் அம்மாவும் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி, நிதானமாகத் தட்டச்சு செய்து, ஒரு சீட்டையும் சாவியையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"ஒரு வாரம். திருட்டுன்னு போட்டிருக்கறதால விடுதி வார்டனுக்கும் சொல்லியாகணும். ரூல்." பிறகு அண்ணனிடம்: "நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வரேன் சார். நேர்ல பாத்துட்டுத்தான் ஃபைலை முடிக்கணும். வீட்ல எல்லாரும் இருங்க. வளையலோட அடையாளம் என்கிட்ட இருக்கு. நீங்க சொன்ன வார்த்தையும் அப்படியே இருக்கு. 'அந்த நிமிஷமே.'"

வாசலுக்கு வந்ததும் அண்ணி சால்வையை உதறிவிட்டு வளையல்களைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். போட்ட நாளிலிருந்து கழற்றியதில்லை. கல்லாவில் உட்கார்ந்த உடம்பு பெருத்திருந்தது. விரல் முட்டி வரை வந்து நின்றன. மறுபடி இழுத்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம்.

"சோப்பு போட்டுப் பாரு," என்றார் அண்ணன். குரலில் அலுவலகத்துச் சோகம் சுத்தமாக இல்லை.

"எல்லாம் உங்க வாயால வந்தது! அந்த நிமிஷமேவாம்!"

"நீதானே வளையல்னு எடுத்துக் குடுத்த?"

தையல்காரி பழக்க தோஷத்தில் ஓரடி முன்னால் வைத்தாள். "கையை மேல தூக்கிப் பிடிங்க அண்ணி. ரத்தம் இறங்கினா வீக்கம் கொஞ்சம்..."

"வாம்மா," என்று இழுத்துக்கொண்டு போனாள் வக்கீல்.

விடுதியில் வார்டன் சாவியை வாங்கிப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தையல்காரியைப் பார்த்தார். "இங்க எது காணாமப் போனாலும் முதல்ல உங்க ரூமைத்தான் தட்டுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க." நடைகூடத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகள், இவர்கள் மூட்டையைப் பிரிப்பதற்குள் ஒவ்வொன்றாக மறைந்தன. பக்கத்து அறையில் தாழ்ப்பாள் போடும் சத்தம். அப்புறம் அதன்மேல் இன்னொரு பூட்டு.

தையல்காரி மிஷின் தலையைச் சன்னல் ஓரம் வைத்துத் துடைத்தாள். மகளிடம் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் வக்கீல் பதில் சொல்லியிருப்பாள்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் மெத்தைக்கடை வண்டி வந்தது. பெரிய சைஸ் மெத்தைதான். சொன்ன வாக்கு தவறாதவர் அண்ணன். டிரைவர் இறங்கி, பில்லை நீட்டினார்.

"பணத்தை வாங்கிட்டுத்தான் இறக்கச் சொன்னாங்க. பாதி விலைதான் போட்டிருக்காரு. சொந்தக்காரங்கன்னு தள்ளுபடி."

தையல்காரி பில்லைப் படித்தாள். சிரிப்பா விக்கலா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "திருப்பி எடுத்துட்டுப் போப்பா," என்றாள். "வெறும் பலகை எங்களுக்குப் பழக்கம்தான்."

"அண்ணே, இருங்க," என்று வக்கீல் படியிறங்கி வந்தாள். "எங்க மாமாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. மெத்தையை விக்க வேணாம், அவர் வீட்டு மாடி ரூம்லயே போட்டு வெக்கச் சொல்லுங்க. தலகாணிதான் அங்க நிறைய இருக்காமே. வளையல் கழலலைன்னா, நாளைக்குக் காலையில எங்களுக்கு அங்கதான் தேவைப்படும்."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே சொல்லிவிடுவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார்.

தையல்காரி மகளைப் பார்த்தாள். கட்டிலின் மறு ஓரத்தை, உட்காரச் சொல்வதுபோல், கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வக்கீல் போய் உட்கார்ந்தாள். பலகை கிரீச்சிட்டது.

அன்றைய கணக்கு. வரவு: ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு சாவி. செலவு: ஒரு நல்ல பெயர், ஓர் அண்ணன், ஒரு வக்கீலின் வாய். மெத்தை: திருப்பி அனுப்பியாயிற்று, பற்று இல்லை.

பாக்கி: இரண்டு வளையல். ஒரு கட்டிச் சோப்பு கரைந்தும் இன்னும் கழலவில்லை.